ரேட்டிங் இல்லாத பள்ளிக்கூடம்

"ரேட்டிங்கே இல்லாத ஸ்கூலுக்கு எப்படிங்க பிள்ளையை அனுப்புறது?"

நியூ ஜெர்சியில் கவுன்டி நடத்தும் ஒரு சிறிய சிறப்புப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக வேலை பார்க்கிறேன். இங்கே எங்களை 'பாரா' என்பார்கள். வேலையைப் பற்றித் தெரிந்ததும் நம் ஊர் அம்மா அப்பாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி மேலே இருப்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. நாமெல்லாம் பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துவிட்டுத்தான் வீடே பார்க்கப் போகிறோம். கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று இருக்கிற பகுதியா என்று பார்த்துப் பழகிய கண் அது. பேச்சு வராத பிள்ளைக்குப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் ஒரு பள்ளியைக் கைகாட்டுகிறது. வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடினால், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு, ஒரு நட்சத்திரக் குறி. எங்காவது ஒரு எண் இருந்தால் அது பூஜ்யம். யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்கள் பொய் இல்லை. ஆனால் அந்தக் கட்டங்கள் எல்லாம் ஐந்நூறு, ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை மனதில் வைத்துப் போட்டவை. உங்கள் பிள்ளை முன்னேறுகிறதா இல்லையா என்று சொல்லும் எண்கள் பள்ளிக்குள்ளேயே, தாள் தாளாக இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. இரண்டையும் எப்படிப் படிப்பது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

நட்சத்திரக் குறி எதற்கு?

நான்காம் வகுப்பில் ஆசிய மாணவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று வையுங்கள். 'நான்காம் வகுப்பு, ஆசிய மாணவர்கள், கணிதம்' என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைப் போட்டால் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். மாணவர் ஆவணங்களைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974இல் வந்தது. அதனால்தான் பல மாநிலங்கள் 10 பேருக்குக் குறைவான பிரிவுகளின் முடிவை மறைத்துவிடுகின்றன. ஃபெடரல் அரசு வெளியிடும் தரவிலும் சிறிய குழுக்களுக்குச் சரியான சதவீதம் இருக்காது. '50க்குக் கீழ்' அல்லது '50ம் அதற்கு மேலும்' என்கிற அளவோடு நிறுத்திவிடுவார்கள். மொத்தமே ஐம்பது, அறுபது பிள்ளைகள் இருக்கும் பள்ளியை வகுப்பு, இனம், பால் என்று பிரித்துக்கொண்டே போனால் எல்லாக் கட்டமும் காலியாகத்தான் நிற்கும். பள்ளி எதையோ ஒளிக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்த நட்சத்திரக் குறி உங்கள் பிள்ளைக்கான காவல்.

மறைக்காமல் போட்டாலும் அந்தச் சதவீதத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. 12 பேர் தேர்வெழுதினால் ஒரு பிள்ளை என்பது 8 சதவீதத்துக்கும் மேல். ஒரு பிள்ளைக்கு அந்த வாரம் வலிப்பு மருந்தை மாற்றியிருப்பார்கள், இன்னொன்று இரவெல்லாம் தூங்கியிருக்காது. இரண்டு பிள்ளைகள் இப்படி அமைந்தால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் 16 சதவீதத்துக்கும் மேல் சரிவு! பெரிய பள்ளியில் இவ்வளவு சரிந்தால் கூட்டம் போட்டு விசாரிப்பார்கள். இங்கே அது இரண்டு பிள்ளைகளின் ஒரு மோசமான வாரம்.

எந்தத் தேர்வு?

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும், வாசிப்பிலும் கணிதத்திலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வைக்க வேண்டும் என்பது 2015இல் வந்த எஸ்ஸா என்ற ஃபெடரல் கல்விச் சட்டத்தின் விதி. 'எல்லாப் பிள்ளைகளும்' என்பதில் நம் பிள்ளைகளும் சேர்த்திதான். இது சும்மா கிடைத்ததில்லை. ஒரு காலத்தில் மாநிலத் தேர்வு நாளன்று சிறப்புக் கல்விப் பிள்ளைகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1997இல் செய்த திருத்தம்தான் அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. வழக்கமான தேர்வை எழுத முடியாதவர்களுக்கு மாற்றுத் தேர்வு இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்த மாற்றுத் தேர்வு, அறிவு வளர்ச்சியில் மிகக் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். ஒரு மாநிலத்தில் தேர்வெழுதும் மொத்த மாணவர்களில் 1 சதவீதத்துக்கு மேல் இதில் போகக் கூடாது என்று வரம்பும் உண்டு. எங்கள் மாதிரிப் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் அந்த 1 சதவீதத்துக்குள் வருபவர்கள். நியூ ஜெர்சியில் இதற்கு 'டைனமிக் லேர்னிங் மேப்ஸ்' என்ற தேர்வு. கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது.

அதன் ஆரம்பப் படிநிலையில் தேர்வு எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். மேசைமேல் ஒரு ஸ்பூன், ஒரு பந்து. ஆசிரியை ஒரு சின்னக் கதையைப் படிக்கிறார். கதையில் பந்து வரும்போது பிள்ளையின் பார்வை எங்கே போகிறது, கை எதை நோக்கி நீள்கிறது என்று காத்திருந்து கவனித்து, கம்ப்யூட்டரில் குறிக்கிறார். எதிரில் ஒரே ஒரு பிள்ளை. அவசரப்படுத்தக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டிவிடக் கூடாது. அந்த ஒரு பார்வைக்காக அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

முடிவு நான்கு நிலைகளில் வரும்: எமர்ஜிங், அப்ரோச்சிங் த டார்கெட், அட் டார்கெட், அட்வான்ஸ்டு. மேல் இரண்டு நிலைகள்தான் 'தேர்ச்சி'. செப்டம்பரில் எந்தப் பொருளையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை ஏப்ரலில் பந்தைப் பார்த்துக் கை நீட்டியிருக்கும். போன வருட அறிக்கையிலும் 'எமர்ஜிங்', இந்த வருட அறிக்கையிலும் 'எமர்ஜிங்'. தேர்ச்சி சதவீதத்தில் அந்தப் பிள்ளையின் பங்கு பூஜ்யம். பள்ளியின் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் அந்தப் பூஜ்யத்துக்குள் இப்படிப்பட்ட ஏப்ரல்கள் நிறைய இருக்கின்றன.

தப்பாகப் புரியும் சில எண்கள்

பட்டம் பெறும் விகிதம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து நான்கு வருடத்தில் வழக்கமான டிப்ளமா வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்தக் கணக்கு. ஆனால் ஐ.டி.இ.ஏ. என்ற சிறப்புக் கல்விச் சட்டப்படி நம் பிள்ளைகளுக்கு 21 வயது வரை பள்ளியில் படிக்கும் வாய்ப்பு உண்டு. பேருந்தில் போக, கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்க, ஒரு வேலையிடத்தில் நிலையாக இருக்கப் பழகுவதற்கான பொன்னான வருடங்கள் அவை. அந்த உரிமையைப் பயன்படுத்தித் தங்கும் பிள்ளை நான்கு வருடக் கணக்கில் 'முடிக்காதவர்'. படிப்பை முடித்ததற்குச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளையும் அப்படித்தான்.

வருகை. பள்ளி நாள்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராவிட்டால் 'தொடர் வருகையின்மை' என்று பல மாநிலங்கள் கணக்கிடுகின்றன. 180 நாளில் 18 நாள். நரம்பியல் மருத்துவர், அறுவை சிகிச்சை, நிமோனியா என்று ஆஸ்பத்திரியும் வீடுமாக இருக்கும் பிள்ளைக்கு 18 நாள் குளிர்காலத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆசிரியர் விகிதம். ஓர் ஆசிரியருக்கு 5 மாணவர் என்று போட்டிருக்கும். அதில் எங்களை மாதிரி பாராக்கள் வரமாட்டார்கள். நியூயார்க் நகரத்தின் சிறப்புக் கல்விப் பிரிவான டிஸ்ட்ரிக்ட் 75இல் வகுப்புகளைச் சொல்வதே 6:1:1, 8:1:1, 12:1:4 என்றுதான். கடைசியில் சொன்னதில் 12 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், நான்கு உதவியாளர்கள். ஒரு பிள்ளைக்கு எத்தனை பெரியவர்களின் கை கிடைக்கிறது என்பதை அந்த 5:1 சொல்லாது.

இதைவிட முக்கியமான ஒன்று எந்தக் கட்டத்திலும் இல்லை. நன்றாக முன்னேறிய பிள்ளை தன் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பிப் போய்விடும். சட்டம் விரும்புவதும் அதைத்தான்: முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும். எங்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அன்றோடு அந்தப் பிள்ளை எங்கள் புள்ளிவிவரத்திலிருந்தும் போய்விடுகிறது. தேறியவர்கள் கிளம்பிப் போக, அதிக உதவி தேவைப்படும் புதுப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். பள்ளி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சராசரி ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் படிக்கிறார்கள்?

பக்கத்தின் அடுத்த பகுதி, மாணவர்கள் யார் யார் என்பது. இதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று படிக்க வேண்டிய பகுதி.

2022–23 கணக்குப்படி அமெரிக்காவில் 3 முதல் 21 வயது வரை சிறப்புக் கல்வி பெறுபவர்கள் சுமார் 75 லட்சம் பேர்; பொதுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் நாளின் பெரும்பகுதியைச் சாதாரண வகுப்பறையில்தான் கழிக்கிறார்கள். தனிச் சிறப்புப் பள்ளிக்கு வருபவர்கள் நூற்றில் இரண்டு மூன்று பேர் மட்டுமே. ஆகவே எங்கள் பள்ளியை ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடுவது ஒருபக்கம் இருக்கட்டும், சாதாரணப் பள்ளியில் இருக்கும் சிறப்புக் கல்வி வகுப்போடு ஒப்பிடுவதே பொருந்தாது.

பையன்கள் அதிகமாக இருப்பார்கள். நாடு முழுக்கவே பள்ளிப் பையன்களில் சுமார் 18 சதவீதமும் பெண்களில் சுமார் 10 சதவீதமும் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள். ஆட்டிசம் பிள்ளைகள் அதிகம் உள்ள இடத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பெண் பிள்ளைகளின் ஆட்டிசம் கண்ணில் படாமல் போவதும் இதற்கு ஒரு காரணம். அமைதியாக மூலையில் இருக்கும் பெண்ணை 'சமர்த்து' என்று விட்டுவிடுகிறோம்.

இனவாரியாகப் பார்த்தால் பூர்வகுடி அமெரிக்கப் பிள்ளைகளில் சுமார் 19 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகளில் 17 சதவீதம், ஆசியப் பிள்ளைகளில் 8 சதவீதம். இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஐ.க்யூ. தேர்வை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை 'மனவளர்ச்சி குன்றியோர்' வகுப்புகளில் கொண்டுபோய் அடைத்ததை எதிர்த்து நடந்த லேரி பி. வழக்கில், 1979இல் நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது. இன்றைக்கும் ஒவ்வொரு மாநிலமும் தன் டிஸ்ட்ரிக்டுகளில் ஏதாவது ஓர் இனத்துப் பிள்ளைகளை அளவுக்கு மீறிச் சிறப்புக் கல்விக்குத் தள்ளுகிறார்களா என்று கணக்குப் பார்க்க வேண்டும். மீறினால், சிறப்புக் கல்விக்கு வரும் ஃபெடரல் பணத்தில் 15 சதவீதத்தை முன்கூட்டியே உதவும் திட்டங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். ஒரு சிறப்புப் பள்ளியில் ஓர் இனத்துப் பிள்ளைகள் மட்டும் ஊரின் விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தால், பிள்ளைகளை அனுப்பிவைத்த டிஸ்ட்ரிக்டிடம் கேள்வி கேட்க வேண்டும்.

ஆசியர் 8 சதவீதம் என்பதைப் பார்த்து நாம் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நம் வீடுகளில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்', 'ஊருக்குப் போய்ப் பாட்டி தாத்தாவோட இருந்தா சரியாயிடும்' என்று இரண்டு மூன்று வருடங்கள் ஓடிவிடும். பரிசோதனைக்கே போகாத பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு வரவில்லை என்ற பயமும் வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பிள்ளையை அதற்குத் தெரிந்த மொழியில் பரிசோதிக்க வேண்டும், பெற்றோருக்கு வேண்டுமானால் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

இலவச மதிய உணவு பெறுவோர் 100 சதவீதம் என்று இருந்தால் உடனே 'எல்லோரும் ஏழைகள்' என்று முடிவு கட்டாதீர்கள். ஏழ்மை அதிகமுள்ள இடங்களில் விண்ணப்பமே வாங்காமல் பள்ளி முழுக்க இலவசமாகச் சாப்பாடு போடும் திட்டம் ஒன்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதில் சேர்ந்த பள்ளியில் எல்லாப் பிள்ளையும் அந்த 100க்குள் வந்துவிடும்.

கிளிப்போர்டில் இருக்கும் எண்

இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளிப்போர்டு இருக்கும். ஒரு பிள்ளைக்குக் கை கழுவுவது இலக்கு என்றால் அந்த ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்போம்: குழாயைத் திற, கையை நனை, சோப்பை அழுத்து, தேய், கழுவு, மூடு, காகிதத் துண்டை எடு, துடை, தொட்டியில் போடு. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு குறி. கையைப் பிடித்துச் செய்யவைத்தோமா, முழங்கையை லேசாகத் தொட்டோமா, விரலால் காட்டினோமா, வாயால் சொன்னோமா, தானாகச் செய்ததா. தினமும் இதே வேலை. வார முடிவில் ஆசிரியை அதைக் கோடாக வரைவார்.

ஒரு பையனுக்கு மற்ற எல்லாப் படியும் ஏறிக்கொண்டிருந்தது. சோப்பு மட்டும் வாரக்கணக்கில் அப்படியே நின்றது. அழுத்தப் போவான், விட்டுவிட்டுத் தண்ணீருக்கே போய்விடுவான். அவனுக்குப் புரியவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, பாட்டிலைத் தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பம்ப் கெட்டியாக இருந்தது. அவன் விரலுக்கு அவ்வளவு பலம் போதாது. லேசாக அழுத்தினாலே நுரை வரும் பாட்டிலை வாங்கி வைத்தோம். அடுத்தடுத்த நாள்களில் அந்தக் கட்டத்தில் 'தானாக' என்ற குறி விழ ஆரம்பித்தது. அவன் அம்மா வீட்டிலும் அதே மாதிரிப் பாட்டில் வாங்கி வைத்தார். இப்போது சாப்பிடும் முன் அவனே போய்க் கழுவிக்கொண்டு வருகிறான்.

மாணவர் செயல்திறன் என்று ஒன்றை இந்தப் பள்ளிகளில் அளக்க முடியும் என்றால் அது இப்படித்தான்: ஒரு பிள்ளை, ஒரு வேலை, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம், அந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பெரியவர்கள் செய்த மாற்றம்.

காலிக் கட்டம் சாக்காகக் கூடாது

இவ்வளவு சொன்னதும், 'அப்போது எண்ணே வேண்டாம்' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இன்னும் பெரிய ஆபத்து. வெளியே யாரும் பார்க்க முடியாத இடத்தில் எதிர்பார்ப்பு சத்தமில்லாமல் இறங்கிவிடும். மூன்று வருட ஐ.இ.பி.யை, அதாவது பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்தை, எடுத்து வைத்துப் பார்த்தால் அதே இலக்கு, அதே '10இல் 8 முறை', தேதி மட்டும் மாறியிருக்கும். அப்படிப்பட்ட தாள்களை நானும் பார்த்திருக்கிறேன், மனசு பொறுக்கவில்லை.

1975இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்துக்கு முன்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குள்ளேயே விடவில்லை என்று அமெரிக்கக் காங்கிரஸே பதிவு செய்திருக்கிறது. அந்தச் சட்டம் கதவைத் திறந்தது. திறந்த கதவுக்குள் எவ்வளவு சொல்லித்தர வேண்டும் என்ற கேள்வி 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையனின் வழக்கு அது. இலக்குகள் வருடா வருடம் அப்படியே இருந்ததால் பெற்றோர் அவனை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற உயர்ந்த இலக்கு வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நம் கையில் இருக்கும் பலமான தீர்ப்பு இது.

என்ன கேட்க வேண்டும்?

பள்ளியைப் பார்க்கப் போகும்போதும் ஐ.இ.பி. கூட்டத்துக்குப் போகும்போதும் இவற்றைக் கேளுங்கள்.

- இந்த இலக்குக்கான தினசரிக் குறிப்புத் தாள்களைப் பார்க்கலாமா? கடைசியாக எப்போது, எதைப் பார்த்து முறையை மாற்றினீர்கள்?
- போன வருட இலக்குக்கும் இந்த வருட இலக்குக்கும் என்ன வித்தியாசம்?
- பேச்சு வராத பிள்ளைகள் நாள் முழுக்க எப்படித் தங்கள் தேவையைச் சொல்கிறார்கள்? பேச உதவும் டேப்லெட் பையிலேயே இருக்கிறதா, கையில் இருக்கிறதா?
- கடந்த சில வருடங்களில் பிள்ளைகள் யாராவது ஊர்ப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்களா?
- 21 வயதில் வெளியே போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?
- ஆசிரியர்களும் பாராக்களும் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்கள்? ஸ்பீச் தெரபிஸ்ட் இடம் காலியாக இருக்கிறதா?

பிள்ளையின் ஆவணங்களை எழுதிக் கேட்டால் 45 நாளைக்குள் காட்டியாக வேண்டும் என்பது ஃபெர்பா விதி. முன்னேற்ற அறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பது ஐ.இ.பி.யிலேயே எழுதியிருக்கும். தாள்கள் முன்கூட்டியே கைக்கு வரும்படி கூட்டத்துக்கு நன்றாக முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும், கேள்வியை எழுதிவைத்துக்கொண்டு போங்கள். தாளோடு உட்காரும் பெற்றோரிடம் யாரும் பொத்தாம் பொதுவாகப் பேசிவிட்டுப் போக முடியாது.

நல்ல பள்ளி என்றால் இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோப்பை எடுத்துவந்து உங்கள் பக்கத்தில் உட்காருவார்கள். உட்கார்ந்தால் தைரியமாகச் சேருங்கள். ரேட்டிங் கட்டத்தில் என்ன இருந்தாலும் பரவாயில்லை.